சின்னக் கடல்நீர்த் தொட்டியில் பாசித் தொல்லை: அடையாளம் காண்பதிலிருந்து அடக்குவது வரை

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு முதல் வருஷத்திலேயே பாசி அறிமுகமாகிவிடும். மணலில் பழுப்புப் பொடி, கல்லில் பச்சை மயிர், கண்ணாடியில் வழவழப்பு என்று ஏதோ ஒரு ரூபத்தில் வந்து சேரும். வந்ததும் கடைக்கு ஓடி "பாசிக்கு மருந்து இருக்கா?" என்று கேட்பதுதான் வழக்கம். கடைக்காரரும் ஒரு குப்பியை எடுத்து நீட்டுவார். அந்தக் குப்பிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எந்தப் பாசி என்று தெரியாமல் தொட்டியில் எதையும் ஊற்றக் கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போவது இது ஒன்றைத்தான். பச்சை மயிர்ப்பாசி என்றால் தண்ணீரில் இருக்கும் சத்தை, அதாவது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும், குறைக்க வேண்டும். டைனோ என்கிற பழுப்புச் சளி என்றால் சத்தைக் கூட்ட வேண்டும். ஆள் மாறி வைத்தியம் செய்தால், ஒரு மாதத்தில் போயிருக்க வேண்டியது ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கும், கூடவே பவளமும் போய்விடும்.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 60 லிட்டர் தொட்டி. கல்லும் மணலும் போக 50 லிட்டர் தண்ணீர். இரண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் மென்பவளம், சென்னை மாதிரி வெக்கையான ஊர். இதில் 1 மில்லிகிராம் பாஸ்பேட் கூடுதலாக விழுந்தாலே அளவு 0.02 பி.பி.எம். (லிட்டருக்கு 0.02 மில்லிகிராம்) ஏறிவிடும். 500 லிட்டர் தொட்டியில் இது கண்ணிலேயே படாது. சின்னத் தொட்டியில் எல்லாம் வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். அதனால்தான் எதையும் பொறுமையாகச் செய்யச் சொல்கிறேன்.

முதல் படி: வந்திருப்பது யார்?

விளக்கு எரியும்போது ஒருமுறை, காலையில் விளக்கு போடுவதற்கு முன்னால் டார்ச் அடித்து ஒருமுறை என்று இரண்டு வேளையும் பாருங்கள். விரலாலோ குச்சியாலோ தொட்டுப் பாருங்கள். கண்ணைவிடக் கைக்குத்தான் சீக்கிரம் தெரியும்.

தூசி போலப் பழுப்பாகப் படிந்து, துடைத்தால் உடனே கலைந்துபோனால் அது டயட்டம். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் வரும். தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைத் தின்று வளரும், அது தீர்ந்ததும் தானாக மறையும். இதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம்.

கருஞ்சிவப்பாகவோ கரும்பச்சையாகவோ பட்டுத்துணி விரித்த மாதிரி மணலை மூடி, அடியில் காற்றுக் குமிழ்கள் பிடித்து நின்றால் அது சயனோ. இது உண்மையில் பாசியே இல்லை, பாக்டீரியா. சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சினால் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். வெளியே எடுத்து முகர்ந்தால் ஒரு சேற்று நாற்றம் அடிக்கும்.

கல்லிலிருந்து பச்சை நூல் நூலாக நீண்டு, இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்தால் மயிர்ப்பாசி. பெரும்பாலும் டெர்பீசியா வகை. அதே பச்சையில், ஒவ்வொரு இழையும் நடுத்தண்டோடு இருபக்கமும் இறகு விரித்தது போல இருந்தால் பிரையாப்சிஸ். நத்தைகள் இதை அவ்வளவாகத் தொடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு இழையைப் பிய்த்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரித்துப் போடுங்கள். இறகு வடிவம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

பச்சைக் கண்ணாடி மணி போல, பட்டாணி அளவில் கல்லிடுக்கில் உட்கார்ந்திருப்பது வலோனியா என்னும் குமிழ்ப்பாசி. கண்ணாடியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை படியும் மெல்லிய பச்சைப் படலம் எல்லாத் தொட்டியிலும் உண்டு, அதைத் தொல்லையில் சேர்க்காதீர்கள். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ கல்லில் பெயின்ட் அடித்தது போல ஒட்டியிருப்பது கோரலைன். சுண்ணாம்பு கட்டும் நல்ல பாசி அது. அது பரவும் இடத்தில் மற்றவை வேரூன்றுவது கஷ்டம், சுரண்டாமல் விடுங்கள்.

கடைசியாக டைனோ. முழுப்பெயர் டைனோஃபிளாஜெல்லேட். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ராத்திரி அலைகள் நீலமாக ஒளிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒளியைத் தந்த நாக்டிலூக்காவும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். தொட்டியில் வருபவை வேறு சாதி: பழுப்பு நிறச் சளி இழைகள், நுனியில் குமிழ்கள். சாயங்காலம் கெட்டியாகத் தொங்கும், காலையில் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். நத்தைகள் காரணமில்லாமல் மல்லாந்து சாக ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டயட்டமா, டைனோவா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. அந்தப் பழுப்பைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் உறிஞ்சி எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளிலோ இரண்டு மடிப்பு டிஷ்யூ தாளிலோ வடிகட்டுங்கள். இறங்கிய தெளிந்த நீரை விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழை இழையாகக் கூடிச் சளி கட்டினால் டைனோ. தெளிவாகவே இருந்தால் வேறு ஏதோ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப் 400 மடங்கு காட்டினாலே போதும், டைனோ நீந்துவதைப் பார்த்துவிடலாம். கண்ணீர்த்துளி வடிவில் ஒரு முனை கட்டிப்போட்டது போலச் சுற்றிச் சுற்றி வந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவில் மணல்துகள்களுக்கிடையே வழுக்கி ஓடினால் ஆம்பிடினியம். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: அளவெடுப்பது

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் வேண்டும். பாஸ்பேட்டை வண்ணம் பார்த்துச் சொல்லும் கிட்டில் 0.03-க்கும் 0.1-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். முடிந்தால் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். ஹன்னா நிறுவனத்தின் ஒரு மாடல் பாஸ்பரஸை பி.பி.பி. (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும், அதை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பி.பி.எம். கிடைக்கும். 20 என்று காட்டினால் 0.06 பி.பி.எம். என்று அர்த்தம்.

நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இந்த எல்லைக்குள் வைத்துக்கொண்டால் பவளமும் நன்றாக இருக்கும், பாசியும் அடங்கி இருக்கும். பூஜ்யம் நல்லது என்று நினைக்க வேண்டாம். பவளத்துக்கும் கல்லில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கும் இந்தச் சத்து வேண்டும். இரண்டும் பூஜ்யமாகிக் கிடக்கும் தொட்டியில்தான் டைனோ குடிவரும்.

ஒரு எச்சரிக்கை. கல்லெல்லாம் பச்சையாக இருக்கும்போது கிட் பூஜ்யம் காட்டினால் ஏமாறாதீர்கள். தண்ணீரில் வந்த சத்தை அளப்பதற்குள் பாசி தின்றுவிட்டது, அவ்வளவுதான். பாசியைப் பிடுங்கி எறிந்த பிறகு ஒரு வாரம் கழித்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

கூடவே உப்பளவு (ஒப்படர்த்தி) 1.025-1.026, காரத்தன்மை 8-9 டி.கே.எச்., வெப்பம் 25-27 டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரே ஒரு நாள் எடுத்த அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. நாலு வாரத்து அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் பாதிப் பாசிக்குக் காரணம் இங்கேதான் என்பது என் கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 45 மி.கி. வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. மனிதன் குடிக்க அது சரி. தொட்டிக்கு என்ன ஆகும்? வெக்கைக் காலத்தில் மின்விசிறி ஓடும் 60 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தான், மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். அந்த ஒரு லிட்டரை 45 மி.கி. நைட்ரேட் உள்ள போர் தண்ணீரால் நிரப்பினால் 50 லிட்டரில் தினம் 0.9 பி.பி.எம். ஏறும். மாதத்துக்கு 27. மீனுக்கு ஒரு வேளைகூடச் சாப்பாடு போடாமலே இவ்வளவு.

"எங்க வீட்ல ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்துறோம்" என்பார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காக ஒரு டி.டி.எஸ். திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். சிலவற்றில் தாது சேர்க்கும் குப்பியும் இருக்கும். குடத்தில் பிடித்த தண்ணீர் 40, 80 என்று காட்டும். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டியது 0. வழி எளிது: அந்தத் திருகைத் தாண்டி, ஆர்.ஓ. மெம்பரேனிலிருந்து நேராக வரும் குழாயில், கரைந்திருக்கும் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குப்பியை மாட்டுங்கள். நிறம் மாறும் ரெசின் என்றால் தீர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்கா. மீட்டர் இன்னும் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிலிக்கா உள்ளே போக ஆரம்பித்துவிடும். வயசான தொட்டியில் திடீரென்று மணல் பழுப்பானால் முதலில் ரெசின் குப்பியை எடுத்துப் பாருங்கள்.

இயற்கைக் கடல்நீர் பயன்படுத்துவோருக்குத் தனியாகச் சில வார்த்தை. கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு அருகில் எடுக்கவே கூடாது. சாக்கடைச் சத்து முழுக்க அதில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆற்றுவெள்ளம் கலந்து நம் கரையோரத்தில் உப்பளவு இறங்கும், நைட்ரேட்டும் சிலிக்காவும் ஏறும். அந்த மூன்று மாதம் உப்புப் பொடி வாங்கிக் கலக்குவது நல்லது. மற்ற மாதங்களில் எடுத்து வந்தாலும் இருட்டில் மூடிவைத்து, தெளிந்ததை வடிகட்டி, நைட்ரேட், பாஸ்பேட், உப்பு மூன்றையும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

நான்காம் படி: சாப்பாடும் கல்லும்

இரண்டு க்ளவுனுக்குத் தினம் ஒரு சிட்டிகை பெல்லட் போதும். ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற மீன் உணவு) கட்டியை அப்படியே போடாதீர்கள். டீ வடிகட்டியில் வைத்து, ஆர்.ஓ. தண்ணீரில் கரையவிட்டு, சாற்றைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள். பவள உணவு என்று விற்கும் திரவங்களை இந்த அளவுத் தொட்டியில் பாசி அடங்கும்வரை நிறுத்திவையுங்கள்.

கல் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்ததும் மெல்ல வெளியே விடும். தண்ணீரை மாற்றி பாஸ்பேட்டை இறக்கினால் ரெண்டே நாளில் பழைய அளவுக்கு ஏறி நிற்பது இதனால்தான். கல்லில் தேங்கியது முழுக்க வெளியேற மாதங்கள் ஆகும் என்று தெரிந்திருந்தால் நடுவில் மனம் தளராது. புதிதாகக் காய்ந்த கல் வாங்கினால், உப்புத் தண்ணீர் நிரப்பிய வாளியில் இருட்டில் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் அடங்கிய பிறகு தொட்டியில் வையுங்கள்.

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லை எடுத்துவந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் 2001 முதல் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கையாக வார்த்த கல்லே இந்த வேலைக்குத் தாராளம்.

ஐந்தாம் படி: விளக்கு, வெப்பம், ஓட்டம்

விளக்கை டைமரில் போட்டு 8 மணி நேரத்துக்கு மேல் எரியாமல் பாருங்கள். எல்.ஈ.டி.யில் வெள்ளை, சிவப்பு, பச்சை சேனல்களைக் குறைத்து நீலத்தை வைத்துக்கொள்ளுங்கள். பவளத்துக்கு அது போதும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி இருந்தால் மற்ற எல்லா முயற்சியும் வீண்தான். இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள்.

மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பிராணவாயு குறையும், சயனோவுக்குக் கொண்டாட்டம். சின்ன விசிறி ஒன்றை நீர்மட்டத்தில் சாய்வாக வீசவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் பலன் குறையும். விசிறி ஓடினால் ஆவியாவது கூடும், நிரப்பும் தண்ணீரும் கூடும். மூன்றாம் படியில் சொன்ன 0 டி.டி.எஸ். எவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரியும்.

மணிக்குத் தொட்டித் தண்ணீரின் அளவைப்போல் இருபது மடங்கு, அதாவது 1000 லிட்டர் அளவுக்கு ஓட்டம் இருந்தால் நல்லது. கல்லுக்குப் பின்னால் அழுக்கு ஒதுங்கும் மூலை இருந்தால் வேவ்மேக்கரின் (தண்ணீரை ஓடவைக்கும் விசிறி மோட்டார்) திசையை மாற்றிவையுங்கள்.

ஆறாம் படி: கையால் எடுப்பது

சின்னத் தொட்டிக்குள்ள பெரிய வசதியே கை உள்ளே போய்விடும் என்பதுதான். எந்த மருந்தும் செய்யாத வேலையை ஒரு பழைய டூத்பிரஷும் ஒரு சைஃபன் குழாயும் செய்யும். பாசியின் உடம்பில் கட்டிவைத்திருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்தே வெளியேறும். மருந்தால் கொன்றால் அழுகி மறுபடி தண்ணீரிலேயே கரையும்.

முதலில் வேவ்மேக்கரையும் மோட்டாரையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் பிய்ந்த துண்டுகள் தொட்டி முழுக்கப் பரவி ஒவ்வொன்றும் புதுச்செடி ஆகும். ஏர் டியூபைவிடக் கொஞ்சம் தடிமனான, 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயின் நுனியில் டூத்பிரஷின் தலையை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மறுமுனை வாளியில். தேய்க்கத் தேய்க்கக் குழாய் உறிஞ்சிக்கொண்டே போகும். மணலில் படர்ந்த சயனோவை பிரஷ் இல்லாமல், குழாயை ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்து, தகட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தால் பாய் சுருட்டியது போல வந்துவிடும். ஐந்து, ஆறு லிட்டர் வெளியேறும்போது அந்த வாரத்துத் தண்ணீர் மாற்றமும் முடிந்தது.

எடுக்க முடிகிற கல்லை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்துத் தேயுங்கள். வேர் போகாத மயிர்ப்பாசிக்கும் பிரையாப்சிஸுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாகக் கேட்கும். வேண்டியது 3 சதவீதக் கரைசல். நம் மருந்துக்கடைகளில் '20 வால்யூம்' என்று கிடைப்பது சுமார் 6 சதவீதம். சம அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, சிரிஞ்சில் எடுத்து, பாசி உள்ள இடத்தில் மட்டும் விடுங்கள். வெள்ளையாகப் பொங்கும். மூன்று, நாலு நிமிஷம் விட்டு, வாளித் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். அப்போது ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். ஓரிரு நாளில் அந்த இடம் வெளுத்து, நத்தைகள் வந்து மேய ஆரம்பிக்கும். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் எடுக்காதீர்கள், வாரத்துக்கு ஒன்று போதும். க்ளீனர் இறால்களுக்குப் பெராக்சைடு ஆகாது, அதனால் தொட்டிக்குள் நேராக ஊற்றுவதை நான் சொல்லமாட்டேன்.

வலோனியாவை நசுக்காமல், அடியில் மெல்லிய ஸ்க்ரூடிரைவர் விட்டு முழுசாகப் பெயர்த்து எடுங்கள், சைஃபன் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு.

இதைக் கட்டாயம் படியுங்கள்: ஜோயாந்தஸ், பாலித்தோவா போன்ற பொத்தான் பவளங்கள் ஒட்டிய கல்லை ஒருபோதும் வேகவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், காற்றில் வைத்து பிரஷால் தேய்க்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. ஆவியிலோ தெறிக்கும் துளியிலோ அது மூச்சோடு உள்ளே போய், வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட கல்லைத் தண்ணீருக்குள்ளேயே, கையுறையோடு, மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள்.

ஏழாம் படி: மேய்ச்சல்காரர்கள்

50 லிட்டருக்கு நாலைந்து சின்ன நத்தை, இரண்டு மூன்று சின்ன ஹெர்மிட் நண்டு போதும். கடைக்காரர் இருபது தருவார், வாங்காதீர்கள். பாசி தீர்ந்ததும் அவை பட்டினியில் செத்து, தின்ற சத்தையெல்லாம் திருப்பித் தந்துவிடும். டர்போ நத்தை மயிர்ப்பாசியை நன்றாகத் தின்னும், ஆனால் பவளத் துண்டுகளை உருட்டிவிடும். ஆஸ்ட்ரியா நத்தை மல்லாந்தால் தானாக நிமிராது, தினம் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். நசாரியஸ் பாசி தின்பதில்லை, மணலில் விழுந்த மிச்சத்தைத்தான் தின்னும். எமரால்டு நண்டு குமிழ்ப்பாசிக்கு நல்லது. டாங் வகை மீன்கள் பாசி தின்னும் என்று சொல்லி விற்பார்கள். 60 லிட்டரில் டாங்கை வைப்பது அந்த மீனுக்குச் செய்கிற கொடுமை.

நீண்ட மயிர்ப்பாசியை நத்தைகள் அவ்வளவாகத் தின்னாது. நீங்கள் ஒட்ட வெட்டிய பிறகு துளிர்ப்பதைத்தான் மேயும். அதனால்தான் இதை ஆறாம் படிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

எட்டாம் படி: சத்தை வெளியேற்றுவது

வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றம் நல்ல பழக்கம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நைட்ரேட் 20-இல் இருக்கும் தொட்டியில் நாலு வாரம் தொடர்ந்து மாற்றினால் 13-க்கு வரும், அதுவும் இடையில் புதிதாக ஒன்றும் சேராவிட்டால். வரத்தைக் குறைக்காமல் தண்ணீர் மாற்றத்தை மட்டும் நம்ப முடியாது. நைட்ரேட் 30, 40 என்று நின்றால் 25 சதவீதமாக இரண்டு மூன்று முறை மாற்றி இறக்கிவிட்டு, பிறகு பழைய பழக்கத்துக்கு வாருங்கள்.

தொட்டிக்குள்ளேயே வடிகட்டிக்கென்று தடுத்த பின்னறை இருந்தால் கீட்டோமார்ஃபா என்ற நூல்பாசியைக் கைப்பிடி அளவு போட்டு, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியவிடுங்கள். தொல்லைப்பாசி தின்னும் சத்தை இது தின்று வளரும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியைக் கத்தரித்து எறிய வேண்டும், கத்தரிக்காவிட்டால் பயனில்லை. நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குக் கட்டாயம் இல்லை. அந்தப் பணத்தை டி.ஐ. ரெசினுக்கும் நல்ல டெஸ்ட் கிட்டுக்கும் செலவழிக்கலாம்.

பாஸ்பேட் 0.2-க்கு மேலேயே அடம்பிடித்தால் பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ. என்ற இரும்பு ஆக்சைடுத் துகளைப் பயன்படுத்தலாம். டப்பாவில் போட்ட அளவில் கால் பங்கிலிருந்து ஆரம்பியுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை அளங்கள், 0.1 வந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரே ராத்திரியில் பூஜ்யத்துக்கு இழுத்தால் பவளம் வெளுக்கும்.

வெட்டிய பாசி, வேண்டாத நத்தை, வாளித் தண்ணீர் எதையும் கடலிலோ கழிமுகத்திலோ கொட்டாதீர்கள். 1984-இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்தருகே சிறு திட்டாகக் காணப்பட்ட, தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலர்ப்பா பாசி மத்தியதரைக் கடலில் ஏராளமான இடத்தை மூடியது. நம் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்கள் மேல், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி படர்ந்ததும் பதிவான செய்திதான். பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

தனி வைத்தியம் தேவைப்படும் மூன்று

சயனோ: உறிஞ்சி எடுங்கள், அந்த இடத்தில் ஓட்டத்தைக் கூட்டுங்கள், மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடுங்கள். பவளம் மூன்று நாள் இருட்டைத் தாங்கும். காற்றுக்கல் ஓடட்டும். எரித்ரோமைசின் போட்டால் சயனோ சாகும் என்பது உண்மைதான். ஆனால் அது கல்லில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் தாக்கலாம். காரணம் அப்படியே இருந்தால் சயனோவும் திரும்பி வரும். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை ஜலதாரையில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டைனோ: இங்கே எல்லாமே தலைகீழ். ஜி.எஃப்.ஓ.வை எடுங்கள், தண்ணீர் மாற்றத்தை நிறுத்துங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள். அதிலும் ஏறாவிட்டால் தொட்டிக்கென்று விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களைத் துளித்துளியாகச் சேர்த்து நைட்ரேட்டை 5-10, பாஸ்பேட்டை 0.1 என்று பிடித்துவையுங்கள். பூஜ்யத்தைத் தொடவே விடக் கூடாது, தினம் அளங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரியில் மணலைவிட்டுத் தண்ணீரில் மிதக்கும், அதனால் 9 வாட் யூ.வி. விளக்கைத் தொட்டித் தண்ணீர் நேராக அதன் வழியே மெதுவாகப் போகும்படி மாட்டினால் நல்ல பலன் உண்டு. ஆம்பிடினியம் மணலைவிட்டு எழாது, அதற்கு யூ.வி. வீண்செலவு. அங்கே சிலிக்கேட் கொஞ்சம் சேர்த்து டயட்டத்தை வளர்த்துவிட்டுப் போட்டிக்கு விடுவதுதான் வழி. முதல் படியில் மைக்ரோஸ்கோப் வேண்டும் என்றது இதற்காகத்தான். நத்தை சாகிற அளவுக்கு விஷம் இருந்தால் அதை உறிஞ்சும் கார்பன் (கரித்துகள்) பை ஒன்றைப் போட்டு வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

பிரையாப்சிஸ்: கல்லை எடுத்துப் பெராக்சைடு வைத்தியம் செய்வதுதான் என் முதல் தேர்வு. கல்லை எடுக்கவே முடியாத அமைப்பு என்றால் ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். லிட்டருக்கு 5 மி.கி., ஆக 50 லிட்டருக்கு 250 மி.கி. கார்பனை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அது மருத்துவர் சீட்டுக்குத் தரவேண்டிய மருந்து. மற்ற எல்லாம் தோற்ற பிறகு யோசிக்க வேண்டியது.

எத்தனை நாள் ஆகும்?

முதல் வாரம் அடையாளம், அளவு, 0 டி.டி.எஸ். தண்ணீர். இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு கல்லும் ஒரு சைஃபனும். நாலாவது வாரம் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: வெட்டிய இடத்திலேயே துளிர்த்திருக்கும், கல்லிலிருந்து பாஸ்பேட் வந்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில்தான் பலர் குப்பி மருந்தைத் தேடிப் போகிறார்கள். நோட்டைத் திறந்து அளவுகள் இறங்குகின்றனவா என்று பாருங்கள். இறங்கினால் எதையும் மாற்றாமல் தொடருங்கள். எட்டாவது வாரத்துக்கு மேல் துளிர் மெலிந்து நிறம் வெளிறும், நத்தை மேய்ந்த தடம் கல்லில் தெரியும். வெற்றுக்கல்லில் ஊதாப் புள்ளிகளாகக் கோரலைன் தலைகாட்டினால் தொட்டி உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு வாரம் ஐந்து லிட்டர் தண்ணீர் மாற்றம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நைட்ரேட் பாஸ்பேட் அளவு, மாதம் ஒருமுறை டி.டி.எஸ். மீட்டரை ரெசின் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது. மீட்டர் 1 காட்டினாலே ரெசினை மாற்றிவிடுங்கள்.